சின்னம் வந்த வழி – 9: ஹார்வர்டின் சிவப்புக் கைக்குட்டை

சென்ற இதழில் கடாரத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மனோடு நின்றோம். தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பியவன் அவன். ராஜராஜ சோழன் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் லைடன் செப்பேடு, கடாரத்தரசனை மகரக்கொடி உடையவன் என்று குறிக்கிறது. சோழர் செப்பேட்டு முத்திரைகளிலோ புலி உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் இரண்டு மீன், கீழே வில், மேலே குடை. 1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. மகரத்தின் மேல் புலி பாய்ந்தது என்று பரணி பாடுகிறவர்கள் பாடிக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது வேறு.

மகரமோ புலியோ, அரசனின் சொத்து. கொடியைத் தூக்கிப் பிடித்த படைவீரனுக்கு அதில் பங்கில்லை. அப்படியிருக்க, பதினெட்டு இருபது வயதுப் பையன்கள் நாலைந்து பேர் கூடி, "இது எங்கள் அடையாளம்" என்று ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ளும் வழக்கம் எப்போது வந்தது? பந்தடிக்கவும் படகு ஓட்டவும் அப்படி ஒரு அடையாளம் எதற்குத் தேவைப்பட்டது?

பதில் தேடிப் போகும் ஊர்ப் பெயர் நமக்குப் பழகியதுதான். மெர்போக்கிலிருந்து செமெலிங் வழியாகப் பீடோங் பக்கம் போகிறவர்களுக்கு ஹார்வர்ட் தோட்டம் தெரியும். ஹார்வர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பிரிவு 1, பிரிவு 2, பிரிவு 3 என்று மூன்று. ரப்பர் மரமும் செம்பனையும் நின்ற நிலத்தில் கோல்ஃப் திடலும் வந்துவிட்டது. "நான் ஹார்வர்டில் படித்தவன்" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் வாய் பிளந்ததும் சிரிக்கும் ஆட்கள் கெடாவில் உண்டு. அந்தப் பகடியை இன்று நேராகவே எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஹார்வர்டுக்கே போவோம். கல்லூரி விளையாட்டு அணி ஒன்றின் அடையாளம் எப்படிப் பிறந்து எப்படி மாறியது என்பதற்கு அதைவிடத் தெளிவான பதிவு கிடைப்பது அரிது.

ஹார்வர்ட் கல்லூரி தொடங்கியது 1636-இல். ஏழு ஆண்டு கழித்து, 1643-இல், அதன் மேற்பார்வையாளர்கள் ஒரு முத்திரைக்கு இசைந்தார்கள். ஒரு கேடயம், அதில் மூன்று புத்தகங்கள், அவற்றின் மேல் ‘வெரிடாஸ்’ என்ற லத்தீன் சொல்லைப் பிய்த்துப் பிய்த்து எழுதியிருந்தது. உண்மை என்று பொருள். மேலே இரண்டு புத்தகம் திறந்திருக்க, கீழே உள்ளது கவிழ்ந்திருக்கும். மனிதன் படித்துத் தெரிந்துகொள்ள முடியாததும் உண்டு என்பதற்காக அப்படி வரைந்தார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். பாதிரிமார் நடத்திய கல்லூரிக்கு அது பொருத்தந்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வரைபடத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஏறக்குறைய 200 ஆண்டு அது பழைய பதிவேட்டுக்குள்ளேயே கிடந்தது. 1836-இல் 200-ஆம் ஆண்டு விழாவுக்காகக் கல்லூரியின் வரலாற்றைத் துருவிக்கொண்டிருந்த தலைவர் ஜோசையா குவின்சிதான் அதைக் கண்டெடுத்து விழாக் கொடியில் ஏற்றினார். இன்று உலகம் முழுக்கப் பனியனிலும் குவளையிலும் அச்சாகும் அந்தக் கேடயத்தில் மூன்று புத்தகமும் திறந்திருக்கின்றன. கவிழ்ந்த புத்தகத்தை யாரோ நிமிர்த்திவிட்டார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கிறது.

கேடயம் கிடைத்துவிட்டது, சரி. ஆனால் அது காகிதத்துக்கும் கல்வெட்டுக்கும் ஏற்ற பொருள். பக்கத்தில் போய்ப் படித்தால்தான் புரியும். நூறு கஜத்துக்கு அப்பால் ஆற்றில் போகும் படகு யாருடையது என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது.

படகு என்றதும் 1852-க்கு வர வேண்டும். அந்த ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயரின் வினிபசாக்கி ஏரியில் ஹார்வர்டும் யேலும் படகுப் போட்டி நடத்தின. அமெரிக்காவில் இரு கல்லூரிகள் மோதிக்கொண்ட முதல் விளையாட்டு அதுதான் என்பார்கள். ஏற்பாடு செய்தவர்கள் வாத்தியார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் ரயில் விட்டுக்கொண்டிருந்த கம்பெனிக்கு ஏரிக்கரைக்கு ஆள் வர வேண்டும், டிக்கெட் விற்க வேண்டும். மாணவர்களைக் கூட்டிவந்து தங்கவைத்துப் போட்டி நடத்தினார்கள். ஹார்வர்டின் ‘ஒனைடா’ படகு ஜெயித்தது. பரிசாக வெள்ளிப்பூண் போட்ட கருவாதுமை மரத் துடுப்புகளைக் கொடுத்தவர் ஃபிராங்க்ளின் பியர்ஸ். சில மாதத்தில் அவர் அமெரிக்க அதிபராகத் தேர்வானார். ரயில்காரர் பணமும் அரசியல்வாதி கைப் பரிசும் கல்லூரி விளையாட்டின் முதல் நாளிலேயே வந்துவிட்டன. ஜெர்சியில் கம்பெனிப் பெயர் வந்துதான் விளையாட்டு கெட்டுப்போனது என்று அங்கலாய்ப்பவர்கள் இந்த ஏரிக்கரையை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஆறு ஆண்டு கழித்து, 1858 ஜூன் 19, பாஸ்டன். பல படகுகள் போட்டியிடும் பந்தயம். கரையில் கூட்டம். எல்லாப் படகிலும் சட்டையைக் கழற்றியோ வெள்ளை உள்சட்டையிலோ ஆட்கள் குனிந்து நிமிர்ந்து துடுப்பு வலிக்கிறார்கள். நம் படகு எது? பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை. ஹார்வர்ட் படகில் ஆறு பேர். அதில் இருவர், சார்லஸ் எலியட், பெஞ்சமின் கிரௌனின்ஷீல்ட். இவர்கள் செய்தது சின்னக் காரியம். சிவப்புப் பட்டுக் கைக்குட்டைகளை வாங்கிவந்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். தலையில் கட்டிக்கொண்டு படகேறினார்கள்.

அவ்வளவுதான். கல்லூரி நிர்வாகத்தைக் கேட்கவில்லை. தீர்மானம் கிடையாது, ஓவியர் கிடையாது, பொருள் விளக்கம் கிடையாது. விடியலில் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு பால் மரத்துக்குப் போன நம் பாட்டன்மாருக்கும் ஆளடையாளம் அந்தத் துண்டின் நிறந்தானே, தூரத்தில் வருவது யார் என்று கங்காணிக்குக் காட்டிக்கொடுத்தது! எலியட் செய்ததும் அந்த வகைக் காரியம்.

எலியட்டுக்கு அப்போது 24 வயது, கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1869-இல் ஹார்வர்டின் தலைவரானார். 40 ஆண்டு அந்த நாற்காலியை விடவில்லை. கைக்குட்டை கட்டிய அதே எலியட் முதுமையில் அமெரிக்கக் கால்பந்தின் முரட்டுத்தனத்தைக் கண்டு அதை நிறுத்தியே தீர வேண்டும் என்று வாதாடினார் என்பது இன்னொரு கதை. நிறுத்த முடியவில்லை.

நிறத்தின் கதை அத்தோடு முடியவில்லை. 1860-களில் அணிகள் அந்தச் சிவப்பை விட்டு மெஜந்தாவுக்கு நகர்ந்தன. மெஜந்தா அப்போது புதுச் சரக்கு. 1859-இல் பிரான்சில் கண்டுபிடித்த தார்ச் சாயம். அதே ஆண்டு இத்தாலியில் மெஜந்தா என்ற ஊரில் நடந்த போரின் பெயரைச் சாயத்துக்கு வைத்து விற்றார்கள், பிய்த்துக்கொண்டு போயிற்று. கடைக்குப் போய்ச் சிவப்பு கேட்டால் இந்தக் கத்தரிப்பூ கலந்த சிவப்புதான் கிடைக்கும் என்ற நிலை. 1873-இல் மாணவர்கள் தொடங்கிய பத்திரிகைக்கே ‘தி மெஜந்தா’ என்று பெயர்.

பிறகு சண்டை. நம் நிறம் கிரிம்சனா மெஜந்தாவா? 1875-இல் மாணவர்கள் கூடி வாக்கெடுத்தார்கள். கிரிம்சன் என்ற அடர்சிவப்பு ஜெயித்தது. பத்திரிகை மறு இதழிலேயே ‘தி கிரிம்சன்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு, தன் பழைய நிறம் ஒருநாளும் சரியான நிறமாக இருந்ததில்லை என்ற தோரணையில் எழுதியது. ஆசிரியர்களின் இந்தத் திறமை எந்தக் காலத்திலும் குறைவதில்லை. கல்லூரி நிர்வாகம் கிரிம்சனை அதிகாரபூர்வ நிறமாக ஏற்றது 1910-இல். கைக்குட்டை வாங்கி 52 ஆண்டு ஆகியிருந்தது. எலியட் ஓய்வுபெற்று ஓராண்டு.

மேலிருந்து இறங்கிய கேடயத்தை 200 ஆண்டு யாரும் தேடவில்லை. ஒரு பந்தயத்துக்காகக் கட்டிய துணி 52 ஆண்டில் கல்லூரிச் சட்டத்துக்குள் ஏறியது.

எழுத்து வந்தது இடையில். 1865-இல் ஹார்வர்ட் பேஸ்பால் அணி, சாம்பல் நிறச் சட்டையின் நெஞ்சில் பழைய ஆங்கிலப் பாணியில் ‘எச்’ என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டது. விளையாட்டுச் சட்டையில் கல்லூரி எழுத்தை அணியும் அமெரிக்க வழக்கத்துக்கு மூலம் அதுதான் என்று கொள்கிறார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் அந்த எழுத்து சீருடையிலிருந்து விருதாக மாறிவிட்டது. முக்கியப் போட்டியில் இறங்கி ஆடியவன் மட்டும் சட்டையை வைத்துக்கொள்ளலாம், மற்றவன் பருவ முடிவில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சும்மா பெஞ்சில் உட்கார்ந்தவன் வீட்டுக்கு எழுத்தைக் கொண்டுபோக முடியாது.

விலங்குகள் அதற்கும் பிறகு. யேலில் 1889-இல் ஆங்கிலேய மாணவர் ஒருவர் கொல்லன் ஒருவனிடம் 5 டாலருக்கு ஒரு புல்டாக் நாயை வாங்கி, ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சுற்றி நடத்திக்கொண்டு போனார். ‘ஹேண்ட்சம் டான்’ என்று பெயர், முகமோ பெயருக்கு நேர் எதிர். செத்த பின் பதம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன், கருப்பும் ஆரஞ்சும் கலந்த தன் வரிச் சட்டையாலேயே புலியானது. ஹார்வர்ட் மட்டும் விலங்கு எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை. இன்றும் அந்த அணிகளின் பெயர் ‘கிரிம்சன்’, ஒருமையில், நிறத்தின் பெயர் மட்டும்.

புலி என்றதால் ஒன்று. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழக அணிக்கும் புலிதான். 1970 வரை உறுமும் தலையும் பாயும் உடலுமாக ஆளுக்கொரு விதமாய் வரைந்துகொண்டிருந்தார்கள். புதுச் சின்னம் வேண்டுமென்று ஒரு விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது, அவர்கள் சிகாகோ அருங்காட்சியகத்திலிருந்து வங்கப் புலி ஒன்றின் காலடியை வார்த்தெடுத்த அச்சை வரவழைத்தார்கள். அந்தத் தடத்தைச் சற்றே சாய்த்து ஆரஞ்சில் அடித்தார்கள். புலியே இல்லாத புலிச் சின்னம். ஹெல்மெட்டிலும் நெடுஞ்சாலைத் தாரிலும் ஒரே மாதிரி தெரிந்தது. தொலைக்காட்சி வந்த பிறகு சின்னங்கள் போன வழி இதுதான். சோழர் முத்திரையில் இருந்த குடை, வில், விளக்கு, கவரி எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டுக் கடைசியில் ஒரு பாதத்தில் வந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

ஹார்வர்டின் சட்டப் பள்ளிக்குத் தனிக் கேடயம் ஒன்று இருந்தது. விளையாட்டோடு அதற்கு உறவு குறைவு. ஆனாலும் தோட்டப்புறத்து வாசகர்களுக்கு இதைச் சொல்லாமல் போனால் தகாது. 1930-களில் உருவான அந்தக் கேடயத்தில் மூன்று கோதுமைக் கட்டுகள். பார்க்க அழகாக, அறுவடைப் பண்டிகை மாதிரி இருக்கும். அது ராயல் குடும்பத்தின் சின்னம். ஐசக் ராயல் விட்டுச்சென்ற சொத்தில்தான் ஹார்வர்டின் முதல் சட்டப் பேராசிரியர் பதவி 1815-இல் பிறந்தது. அந்தச் சொத்து எங்கிருந்து வந்தது? மேற்கிந்தியத் தீவான ஆன்டிகுவாவின் கரும்புத் தோட்டத்திலிருந்தும் அடிமை வியாபாரத்திலிருந்தும். 1736-இல் ஆன்டிகுவா அடிமைகள் கலகத்துக்குத் திட்டமிட்டதாகக் குற்றம்சாட்டி 77 பேரை உயிரோடு எரித்தார்கள். அடுத்த ஆண்டு ராயல் குடும்பம் மாசசூசெட்ஸுக்குக் குடிபெயர்ந்தது, அடிமைகளையும் கூட்டிக்கொண்டு.

2015-இல் மாணவர்கள் கேள்வி எழுப்பினார்கள். 2016 மார்ச்சில் பல்கலைக்கழகம் கேடயத்தை எடுத்துவிட இசைந்தது. புதியது 2021-இல் வந்தது, கோதுமை இல்லாமல். எடுக்கக் கூடாது, அந்தக் கோதுமைக் கட்டை அடிமைகளின் உழைப்புக்கு நினைவாகவே வைத்திருக்க வேண்டும் என்று வாதாடிய பேராசிரியரும் அங்கே இருந்தார். எனக்கு அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. கரும்புத் தோட்டம் என்றதும் நமக்கு நினைவு வர வேண்டியது கெடாவின் தெற்கு எல்லையை ஒட்டிய செபராங் பிறை. 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கூலிகளை மொத்தமாக இறக்கிய முதல் இடங்களில் அந்தக் கரும்புத் தோட்டங்கள் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் தோட்டம் நடத்திப் பழகிய துரைகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ரப்பர் அதற்குப் பிறகு. தோட்டத்துத் துரைமார் வைத்துப்போன பெயர்களும் சின்னங்களும் நம் பள்ளிப் பெயர்ப்பலகைகளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுப்பதா வைப்பதா என்று நாம் இன்னும் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை.

நிறத்தால் அணி பிரிக்கும் பழக்கம் கெடாவுக்கு வந்தது அமெரிக்காவிலிருந்தல்ல, இங்கிலாந்திலிருந்து. அங்கே 1836-இலேயே கேம்பிரிட்ஜ் படகின் முனையில் வெளிர்நீல நாடா கட்டினார்கள், ஆக்ஸ்ஃபோர்டு கருநீலம். அந்த வழக்கம் ஆங்கிலப் பள்ளிகளின் இல்லப் போட்டிகளாகி, காலனி ஆட்சியோடு மலாயாவுக்குக் கப்பலேறி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிவரை வந்து சேர்ந்தது. சிவப்பு இல்லம், நீல இல்லம், மஞ்சள் இல்லம், பச்சை இல்லம். போட்டி விளையாட்டு நாளன்று இல்லத்துக்கொரு கூடாரம், அதற்குக் கிரேப் தாள் அலங்காரம், அதற்கும் தனிப் பரிசு. மொத்தமே அறுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளியானாலும் நான்கு நிறம் வேண்டும்! வீட்டுக்கு வந்த பின்னும் அண்ணன் சிவப்பு, தங்கை பச்சை என்று இரண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

மாநிலத்துக்கு என்று பார்த்தால் பச்சையும் மஞ்சளும். கெடாவின் அரசுச் சின்னத்தில் கேடயம், பிறை, நெற்கதிர். முளைத்த நெல்லும் முற்றிய நெல்லும் கால்பந்துச் சட்டைக்கு வந்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். அணிக்குப் பத்திரிகைகள் வைத்த செல்லப் பெயர் ‘சாங் கெனாரி’, கெனாரிக் குருவி. இங்கிலாந்தின் நாரிச் சிட்டி அணிக்கும் அதே குருவி, அதே மஞ்சள்-பச்சை, 1907 முதல். அங்கே அந்தக் குருவியைக் கொண்டுவந்தவர்கள் பிழைக்க வந்த ஃபிளெமிஷ் நெசவாளர்கள். அந்த அணியின் குருவிச் சின்னம் 1972-இல் ஒரு போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தது, வரைந்தவர் ஆண்ட்ரூ ஆண்டர்சன் என்ற கட்டடக் கலைஞர்.

கெனாரி பாடுகிற குருவி. கோப்பை வேண்டுமென்றால் நகம் வேண்டுமோ என்னவோ. 1987, 1988, 1989 மூன்று ஆண்டும் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கோலாலம்பூரிடம் கெடா தோற்றது. 1990-இல் சிலாங்கூரை 3-1 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. 2007, 2008 இரு பருவங்களிலும் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அள்ளியது. காலப்போக்கில் குருவியை ‘லாங் மேரா’ என்ற சிவப்புப் பருந்து முந்திக்கொண்டது. லங்காவியின் குவா துறைமுகத்தில் பிரம்மாண்டச் சிலையாக நிற்பதும் அதே பருந்துதான்.

அந்தப் பருந்து நமக்கு வேற்றாளில்லை. உடல் செங்காவி, தலையும் மார்பும் வெள்ளை. கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே வட்டமிட வேண்டும் என்று நாம் கழுத்து வலிக்க அண்ணாந்து தேடும் கருடன் இதுவேதான். மெர்போக் ஆற்றின் கண்டல் காடுகளின் மேல் மீனுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். மலாய்க்கார ரசிகர் சட்டையில் குத்திக்கொள்வதும் தமிழர் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் ஒரே பறவையை என்பது ஸ்டேடியத்தில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்குமோ!

ஆனால் அலோர்ஸ்டார் டாருல் அமான் அரங்கில் கூட்டம் தன் அணியைக் குறிக்கக் குருவியையும் பருந்தையும் விட அதிகம் நம்பியிருப்பது ‘ஹிஜாவ் கூனிங்’ என்ற இரண்டு சொல்லைத்தான். பச்சை, மஞ்சள். ஹார்வர்ட்காரன் ‘கிரிம்சன்’ என்பது போலத்தான் இதுவும். 2021-இல் அணி ‘கெடா டாருல் அமான் எஃப்.சி.’ என்ற நிறுவனமானது. சம்பள பாக்கி ஏறி, உரிமம் கிடைக்காமல், 2025-இல் சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. பெயரும் சின்னமும் நிறுவனத்தின் கணக்கில் வரும் சொத்துகள். நிறம் அந்தக் கணக்கில் வருமா என்பதில் வழக்கறிஞர்களுக்கே ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் நிறச் சேர்க்கை வணிகக் குறியாகுமா என்று நீதிமன்றம்வரை போய், 2008-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் வேறு சில பல்கலைக்கழகங்களும் ஒரு பனியன் கம்பெனிக்கு எதிராக மேல்முறையீட்டிலும் ஜெயித்தன. அந்தக் கம்பெனி கல்லூரியின் பெயரையோ சின்னத்தையோ போடவில்லை. நிறத்தையும், ரசிகர்களுக்குப் புரிகிற ஒரு வரியையும் மட்டுமே அச்சடித்திருந்தது. அந்த வழக்கையும், நம் கோயில் திருவிழா பனியன் அச்சடிப்பவர்கள் ஏன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)